ஹெட்மாஸ்டரை யார் தேர்ந்தெடுக்கணும்? நியூயார்க், 1968

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு நாம போகப்போறது 1968-ம் வருஷத்து நியூயார்க் நகரத்துக்கு. அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் அந்த நகரத்து ஆசிரியர்கள் மூணு தடவை வேலைநிறுத்தம் செஞ்சாங்க. மொத்தம் 36 பள்ளி நாட்கள் போச்சு. சுமார் 11 லட்சம் பிள்ளைங்க படிச்சுக்கிட்டிருந்த பள்ளி அமைப்பு அது. அமெரிக்காவிலேயே பெரியது.

சம்பளம் கேட்டு நடந்த வேலைநிறுத்தம் இல்லை இது. புரூக்ளின்ல ஒரு ஏழைப்பட்ட வட்டாரம். எட்டே எட்டு பள்ளிக்கூடம். அங்க பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த ஒரு குழு 19 பேருக்குக் கடிதம் அனுப்புச்சு. "நாளையில இருந்து இந்த மாவட்டத்துல உங்களுக்கு வேலை இல்லை, தலைமை அலுவலகத்துக்குப் போய் வேற இடம் வாங்கிக்கோங்க"ங்கிறதுதான் அதோட சாராம்சம். அந்த 19 கடிதம் ஒரு நகரத்தையே நிறுத்திடுச்சு.

இந்தக் கதையை ரெண்டு விதமா சொல்லுவாங்க. ஒண்ணு, ஏழைக் கறுப்பினப் பெற்றோரின் உரிமையை ஒரு பணக்கார யூனியன் நசுக்கின கதை. இன்னொண்ணு, நியாயமா வேலை பார்த்த ஆசிரியர்களை ஒரு கும்பல் விரட்டின கதை. ரெண்டு பக்கமும் ஆதாரம் இருக்கு, ரெண்டு பக்கமும் காயம் இருக்கு. ஆனா படிச்சுப் பார்த்தப்போ எனக்கு வேற ஒரு விஷயம்தான் கண்ணுல பட்டது. எங்க வேலையில அடிக்கடி பார்க்கிற விஷயம் அது. ஒருத்தருக்கு அட்மின்னு பேர் கொடுத்திருப்பாங்க, உள்ள போய்ப் பார்த்தா எடிட் பெர்மிஷன் இருக்காது. ஏதாவது உடைஞ்சா மட்டும் போன் அவருக்குத்தான் வரும்.

மே 1968-க்கு முன்னாடி அங்க என்ன நடந்ததுன்னு பார்த்துட்டு வந்துடலாம்.

லிவிங்ஸ்டன் தெருவும் ஒரு ரேங்க் லிஸ்ட்டும்

அந்தக் காலத்து நியூயார்க் பள்ளிகள் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து ஆட்சி செஞ்சாங்க. புரூக்ளின்ல, 110 லிவிங்ஸ்டன் தெரு. நகரக் கல்வி வாரியத்தோட தலைமை அலுவலகம். எந்தப் பள்ளிக்கு எந்தப் புத்தகம், எந்த வாத்தியார், எந்த ஹெட்மாஸ்டர், எல்லாமே அங்கதான் முடிவாகும். "லிவிங்ஸ்டன் தெரு"ன்னு சொன்னாலே ஃபைல் நகராத இடம்னு அர்த்தம் ஆகிப்போச்சு.

ஹெட்மாஸ்டர் ஆகணும்னா தேர்வாளர் வாரியம்னு ஒரு தனி அமைப்பு நடத்துற பரீட்சை எழுதணும். 1898-ல இருந்தே இருக்கிற அமைப்பு. எழுத்துத் தேர்வு, நேர்முகம், அப்புறம் ரேங்க் லிஸ்ட். அந்த லிஸ்ட்ல இருந்துதான் நியமனம்.

இந்தப் பரீட்சையை இன்னிக்கு வில்லன் மாதிரி பார்க்கிறது சுலபம். ஆனா அது யாருக்கு எப்படிப்பட்ட கதவா இருந்ததுன்னும் பார்க்கணும். 1930-கள்ல, பொருளாதாரப் பெருமந்தக் காலத்துல, படிச்ச யூத இளைஞர்களுக்கு நிறைய கம்பெனியிலயும் பல்கலைக்கழகத்திலயும் இடம் கிடைக்காது. பெயரைப் பார்த்தே தள்ளிடுவாங்க. பரீட்சை மட்டும் பெயரைப் பார்க்காது. அப்படித்தான் ஒரு தலைமுறையே நியூயார்க் பள்ளிகள்ல வாத்தியார் வேலைக்கு வந்தது. அவங்களுக்கு அந்த லிஸ்ட் ஒரு பாதுகாப்பு. சிபாரிசுக்கும் வெறுப்புக்கும் எதிரா கிடைச்ச ஒரே காகிதம்.

அதே லிஸ்ட்டை இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க. 1960-களின் நடுவுல நகரப் பள்ளிப் பிள்ளைகள்ல பாதிப் பேரு கறுப்பினத்தவங்களும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரும்தான். ஆசிரியர்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர்கள். ஹெட்மாஸ்டர்கள்ல கறுப்பினத்தவங்க எத்தனை பேர்னு எண்ண ரெண்டு கை விரல் போதும்ங்கிற அளவுக்குத்தான் நிலைமை. பெயரைப் பார்க்காத பரீட்சையில எப்படி வருஷா வருஷம் ஒரே மாதிரி பெயர்களே வருதுங்கிறதுதான் அந்தப் பெற்றோரோட கேள்வி.

முதல்ல கேட்டது சேர்ந்து படிக்கிற உரிமை

ஹெட்மாஸ்டர் நியமனம் அந்தப் பெற்றோரோட முதல் கோரிக்கை இல்லை. முதல்ல அவங்க கேட்டது ரொம்ப எளிமையானது. வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் எங்க பிள்ளைங்களும் ஒரே பள்ளியில படிக்கட்டும்.

1954-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்குல, இனவாரியா பள்ளியைப் பிரிக்கிறது சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. நியூயார்க்ல பிரிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. ஆனா வீடு எங்க இருக்கோ அங்கதான் பள்ளி. யாருக்கு எந்தத் தெருவுல வீடு கிடைக்கும்ங்கிறதை இனம்தான் முடிவு பண்ணுச்சு. அதனால பள்ளிகளும் தானா பிரிஞ்சே இருந்தது. வாரியம் வருஷா வருஷம் திட்டம் போட்டுச்சு. திட்டம் ஃபைல்லயே இருந்தது.

1964 பிப்ரவரி 3. பெற்றோர்கள் ஒருநாள் பள்ளிப் புறக்கணிப்புக்கு அழைச்சாங்க. அன்னிக்கு 4,60,000 பிள்ளைகளுக்கும் மேல வகுப்புக்கு வரலை. முந்தின வருஷம் மார்ட்டின் லூதர் கிங் பேசின வாஷிங்டன் பேரணிக்கு வந்தவங்க சுமார் இரண்டரை லட்சம். அதைவிடப் பெரிய எண்ணிக்கை இது. ரெண்டையும் ஒருங்கிணைச்சது ஒரே ஆள், பேயர்ட் ரஸ்டின். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

அவ்வளவு பேர் திரண்டும் பெருசா எதுவும் மாறலை.

ஜன்னல் இல்லாத பள்ளிக்கூடம்

1966 செப்டம்பர். ஈஸ்ட் ஹார்லெம்ல ஐ.எஸ். 201-னு ஒரு புதுப் பள்ளி திறக்கத் தயாரா இருந்தது. ஏர்கண்டிஷன் போட்ட கட்டடம். தெருவைப் பார்த்து ஜன்னலே கிடையாது. இந்தப் பள்ளியிலயாவது எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பாங்கன்னு பெற்றோர்கிட்ட சொல்லியிருந்தாங்க. வெள்ளைக் குடும்பங்கள் யாரும் பிள்ளைகளை அனுப்பலை. அப்போ வாரியம் ஒரு கணக்குச் சொல்லுச்சு. பாதி கறுப்பினம், பாதி போர்ட்டோ ரிக்கோ, ஆகவே இது கலந்த பள்ளிதான்!

அந்தப் பெற்றோர் இந்த இடத்துலதான் திரும்பினாங்க. சரி, எங்க பிள்ளைங்க மட்டும்தான் படிக்கப்போறாங்கன்னா, பள்ளியை நடத்துற அதிகாரமும் எங்களுக்கு வேணும்னாங்க. ஒண்ணு கலந்து படிக்க வையுங்க, இல்லைன்னா பொறுப்பை எங்ககிட்ட கொடுங்க. ஹெட்மாஸ்டர் யாருங்கிறதுல எங்களுக்குச் சொல் இருக்கணும்.

அப்போ நியமிக்கப்பட்டிருந்த ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளைக்காரர். பெற்றோர் பள்ளி திறப்பையே புறக்கணிச்சாங்க. அவர் இடமாற்றம் கேட்டார், வாரியமும் சம்மதிச்சது. உடனே பள்ளியின் ஆசிரியர்கள், கறுப்பின ஆசிரியர்களும் சேர்ந்துதான், "அவர் இல்லாம நாங்க வேலை பார்க்க மாட்டோம்"னு வெளிய வந்து நின்னாங்க. வாரியம் பின்வாங்கி அவரையே திரும்ப உட்கார வச்சது. ஒரே வாரத்துக்குள்ள ரெண்டு முடிவு. ரெண்டு தரப்புக்கும் ஒரே பாடம்: லிவிங்ஸ்டன் தெருவை வளைக்கணும்னா தெருவுல இறங்கணும்.

அந்த டிசம்பர்ல லிவிங்ஸ்டன் தெருவிலேயே ஒரு கூத்து நடந்தது. வாரியத்தோட பொதுக் கூட்டம். ஒரு அம்மா எழுந்து பேச வாய்ப்புக் கேட்டாங்க. பேசுறவங்க பட்டியல்ல உங்க பேர் இல்லைன்னு மறுத்துட்டாங்க. கூட்டம் "பேச விடு"ன்னு கத்த ஆரம்பிச்சது. வாரிய உறுப்பினர்கள் எழுந்து போயிட்டாங்க. காலியா கிடந்த அந்த நாற்காலிகள்ல பெற்றோர்கள் போய் உட்கார்ந்தாங்க. "நாங்கதான் மக்கள் கல்வி வாரியம்"னு அறிவிச்சு, அங்கயே தங்கி, கூட்டம் நடத்தினாங்க. மூணாம் நாள் போலீஸ் வந்து கைது செஞ்சது.

ஓஷன் ஹில்: பொறுப்பு வந்தது, அதிகாரம் வரலை

1967-ல நகர நிர்வாகம் ஒரு சோதனைக்கு ஒத்துக்கிச்சு. மேயர் ஜான் லிண்ட்சே ஆதரவு, ஃபோர்ட் அறக்கட்டளையின் பண உதவி. நகரத்துல மூணு சோதனை மாவட்டம். ஒண்ணு அந்த ஐ.எஸ். 201 வட்டாரம். இன்னொண்ணு மன்ஹாட்டன் தென்கிழக்குல டூ பிரிட்ஜஸ். மூணாவது புரூக்ளின்ல ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில்.

பிரவுன்ஸ்வில் ஒருகாலத்துல யூதக் குடும்பங்கள் நிறைஞ்ச இடம். 1950-கள்ல அவங்க வெளியேற, கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் வந்தாங்க. வீடுகள் பாழடைஞ்சு போச்சு, வேலை கிடைக்கலை, பிள்ளைங்க வாசிப்புத் திறன்ல வயசுக்கேத்த நிலைக்குக் கீழ இருந்தாங்க. பெற்றோருக்கு இது ஏதோ கொள்கை விவாதம் இல்லை. எட்டாவது படிக்கிற பையனுக்கு ஒரு பக்கம் சரியா வாசிக்க வரலைங்கிற கவலை.

1967 ஆகஸ்ட்ல வீடு வீடாகப் போய் ஓட்டு வாங்கி, பெற்றோர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தாங்க. பெரும்பாலும் அம்மாக்கள். நிர்வாகக் குழுவின் தலைவர் ரெவரெண்ட் ஹெர்பர்ட் ஆலிவர். மாவட்ட நிர்வாகியா ரோடி மெக்காய்ங்கிற கறுப்பினக் கல்வியாளர், பல வருஷம் நகரப் பள்ளிகள்லயே வேலை பார்த்தவர்.

ஆரம்பத்துல ஆசிரியர் சங்கமும், அதாவது யு.எஃப்.டி.யும், இந்தத் திட்டத்துல கூட இருந்தது. ஆனா அதே செப்டம்பர்ல சங்கம் வேற கோரிக்கைகளுக்காக நகரம் முழுக்க வேலைநிறுத்தம் செஞ்சது. அதுல ஒரு கோரிக்கை, "தொந்தரவு செய்யும் மாணவனை" வகுப்பைவிட்டு வெளியேத்த ஆசிரியருக்குக் கூடுதல் உரிமை. தொந்தரவு செய்யும் மாணவன்னா யாரு? எங்க பிள்ளைதானேன்னு பெற்றோருக்குப் பட்டது. சோதனை தொடங்கின முதல் மாசத்திலேயே விரிசல் விழுந்துடுச்சு.

அடுத்தது ஹெட்மாஸ்டர்கள். குழு அந்த ரேங்க் லிஸ்ட்டைத் தாண்டி வெளியில இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. மாநிலத் தகுதி இருக்கும், நகரப் பரீட்சை லிஸ்ட்ல இருக்க மாட்டாங்க. இதுக்காகவே "சோதனைப் பள்ளித் தலைமையாசிரியர்"னு ஒரு புதுப் பதவியை உருவாக்கினாங்க. அதுல ஒருத்தர் லூயிஸ் ஃபுவெண்டெஸ், நியூயார்க்கின் முதல் போர்ட்டோ ரிக்கோ ஹெட்மாஸ்டர். ஸ்பானிஷ் பேசுற பிள்ளைகளுக்கு இருமொழி வகுப்புகளை அவர் பள்ளி தொடங்கினது.

லிஸ்ட்ல வருஷக்கணக்கா காத்திருந்தவங்க சும்மா இருப்பாங்களா? ஹெட்மாஸ்டர்கள், மேற்பார்வையாளர்களோட சங்கம் நீதிமன்றத்துக்குப் போச்சு. இந்த நியமனம் செல்லாதுன்னு வழக்கு. கீழ் நீதிமன்றத்துல அவங்க ஜெயிச்சாங்க. மேல்முறையீடு போச்சு.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தப் பெற்றோர் குழுவுக்கு என்ன அதிகாரம்னு எழுத்துல எங்கயும் தெளிவா கிடையாது. பணம் செலவழிக்கலாமா? ஆசிரியரை மாத்தலாமா? வேண்டாம்னு சொல்லலாமா? கேட்டுக்கிட்டே இருந்தாங்க. லிவிங்ஸ்டன் தெரு பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருந்தது.

19 கடிதங்கள்

1968 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்கக் கொந்தளிப்பு. ஓஷன் ஹில்லும் அதுக்குள்ளதான் இருந்தது. ஒரு வருஷம் ஆகப்போகுது, பிள்ளைங்க படிப்புல மாற்றம் தெரியலை, உள்ளேயே சிலர் திட்டத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறாங்கன்னு குழு நம்புச்சு.

மே 9 அன்னிக்கு அந்தக் கடிதங்கள் போச்சு. 13 ஆசிரியர்கள், மீதி ஆறு பேர் நிர்வாகப் பொறுப்புல இருந்தவங்க. கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர்கள், பெரும்பாலும் யூதர்கள்.

இது வேலை நீக்கமா, இடமாற்றமா? சங்கம் சொன்னது வேலை நீக்கம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, ஒரே கடிதம். குழு சொன்னது இடமாற்றம்தான், சம்பளம் எங்கயும் போகலை, தலைமை அலுவலகம் வேற பள்ளிக்கு அனுப்பட்டும். மேலதிகாரிகள் ஆசிரியர்களைச் சத்தமில்லாம மாத்துறது அந்த ஊர்ல வழக்கமா நடக்கிறதுதான். லிவிங்ஸ்டன் தெரு செஞ்சா அது நிர்வாகம், நாங்க செஞ்சா மட்டும் அராஜகமான்னு குழு கேட்டது. நியாயமான கேள்வி.

சங்கத்தோட பயத்துக்கும் காரணம் இருந்தது. 1949-ல நியூயார்க் மாநிலம் ஃபைன்பெர்க் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தது. கம்யூனிஸ்ட் தொடர்புன்னு சந்தேகப்பட்டு ஆசிரியர்களைத் துரத்த வழி செஞ்ச சட்டம். நியூயார்க்ல நிறைய ஆசிரியர்கள் வேலை இழந்தாங்க, அதுல யூதர்கள் அதிகம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செஞ்சது 1967-லதான். அதாவது இந்தக் கடிதங்களுக்கு முந்தின வருஷம்தான். விசாரணை இல்லாம ஒருத்தரை அனுப்பினா என்ன ஆகும்னு அவங்க புத்தகத்துல படிக்கலை, ஸ்டாஃப் ரூம்லயே பார்த்திருக்காங்க.

அந்த ஆசிரியர்கள் கடிதத்தை ஏத்துக்காம பள்ளிக்குத் திரும்பினாங்க. வாசல்ல பெற்றோர் மறிச்சாங்க. போலீஸ் பாதுகாப்போட உள்ள கூட்டிட்டுப் போக வேண்டியிருந்தது. அவங்களுக்கு ஆதரவா அதே மாவட்டத்துல 350 ஆசிரியர்கள் வெளிநடப்பு செஞ்சு, அந்தக் கல்வியாண்டு முடியற வரைக்கும் திரும்பலை.

அப்புறம் விசாரணை நடந்தது. விசாரிச்சவர் ஃபிரான்சிஸ் ரிவர்ஸ், ஓய்வுபெற்ற கறுப்பின நீதிபதி. ஆகஸ்ட் கடைசியில அவர் சொன்னது: குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படலை, ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கணும். குழு ஏத்துக்கலை. கோடை விடுமுறையில மெக்காய் புது ஆசிரியர்களை எடுத்து முடிச்சிருந்தார்.

அந்தப் புது ஆசிரியர்கள் யாருன்னு பாருங்க. சுமார் 70 சதவீதம் பேர் வெள்ளையர்கள், அதுல பாதிப் பேர் யூதர்கள். "வெள்ளையரை விரட்டத்தான் இதெல்லாம்"ங்கிற கதைக்குள்ள இந்தத் தகவல் பொருந்தாது. ஆனா அன்னிக்கு அதைக் கேட்கிற மனநிலையில யாரும் இல்லை.

36 நாள்

செப்டம்பர் 9 அன்னிக்கு முதல் வேலைநிறுத்தம். சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர். நகரத்தின் ஆசிரியர்கள்ல பெரும்பான்மை வெளியே வந்தாங்க. ரெண்டு நாள்ல வாரியம் இறங்கி வந்தது. ஆசிரியர்கள் ஓஷன் ஹில்லுக்குத் திரும்பினா வகுப்பு கொடுக்கலை, மிரட்டல் வேற. 13-ம் தேதி ரெண்டாவது வேலைநிறுத்தம், மாசக் கடைசி வரைக்கும். அப்புறம் ஒரு ஒப்பந்தம், அதுவும் உடைஞ்சது. அக்டோபர் 14-ல மூணாவது. அது நவம்பர் நடு வரைக்கும் போச்சு.

இதுல ஒரு வினோதம். நகரமே மூடியிருக்கு, ஓஷன் ஹில் பள்ளிகள் மட்டும் புது ஆசிரியர்களோட, வெளியில போலீஸ் நிக்க, நடந்துக்கிட்டிருந்தது. மத்த இடங்கள்ல பள்ளிப் பராமரிப்பாளர்கள் கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. சில பெற்றோர் பூட்டை உடைச்சு உள்ள போய், திரும்பப் பூட்டிடக் கூடாதுன்னு ராத்திரி அங்கயே படுத்துக்கிட்டாங்க.

நடுவுல விஷம் கலந்தது. ஆசிரியர்களின் தபால் பெட்டிகள்ல யூதர்களைக் கேவலப்படுத்துற ஒரு துண்டறிக்கை கிடந்தது. பேரில்லாத அறிக்கை. குழு அதைக் கண்டிச்சது. ஆனா சங்கம் அதை லட்சக்கணக்குல அச்சடிச்சு நகரம் முழுக்க விநியோகிச்சது, இவங்களோட உண்மை முகம் இதுதான்னு. யாரோ சில பேர் எழுதினது ஒரு மாவட்டத்தின் குரலா ஆச்சு. சிவில் உரிமைப் போராட்டத்துல தோளோடு தோள் நின்ன ரெண்டு சமூகங்கள் அந்த ரெண்டு மாசத்துல எதிரெதிரா நின்னாங்க. அந்தக் காயம் ஆற ரொம்ப வருஷம் ஆச்சு.

பேயர்ட் ரஸ்டின் ஞாபகம் இருக்கா? நாலே வருஷம் முன்னாடி பள்ளிப் புறக்கணிப்பை நடத்தின அதே ஆள், இப்போ சங்கத்தின் பக்கம் நின்னார். தொழிலாளர் உரிமையை விட்டுட்டா ஏழைகளுக்கு வேற பிடிமானம் இல்லைங்கிறது அவர் கட்சி. இன்னொரு பக்கம், தனிமனித உரிமைக்காகவே இருக்கிற நியூயார்க் சிவில் உரிமைச் சங்கம் பெற்றோர் குழு பக்கம் நின்னது. சோதனையைத் தொடக்கத்துல இருந்தே கெடுத்தது மத்திய வாரியம்தான்னு அறிக்கை கொடுத்தது. இதுல யாரையும் நேர்கோட்டுல நிறுத்த முடியாது.

மேல் நீதிமன்றம் சொன்னது

நவம்பர் நடுவுல சமரசம் ஆச்சு. ஆசிரியர்கள் திரும்பணும். ஓஷன் ஹில் மாவட்டம் மாநிலம் நியமிக்கிற ஒரு பொறுப்பாளரின் கீழ போகணும். இழந்த பாடத்தை ஈடுகட்ட பள்ளி நேரத்தை நீட்டிச்சாங்க, விடுமுறையைக் குறைச்சாங்க. சங்கம் ஜெயிச்சது.

ரெண்டு மாசம் கழிச்சு, 1969 ஜனவரியில, நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஹெட்மாஸ்டர் வழக்குல தீர்ப்பு சொன்னது. பெற்றோர் குழு தேர்ந்தெடுத்த ஹெட்மாஸ்டர்களின் நியமனம் சட்டப்படி செல்லும்!

ஒண்ணரை வருஷமா இந்தச் சண்டையின் அடிநாதமே அதுதான். லிஸ்ட்டுக்கு வெளியில ஹெட்மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாமா? தேர்ந்தெடுக்கலாம். ஆனா அந்தப் பதில் வந்தப்போ கேட்டவங்க கையில மாவட்டம் இல்லை. இந்தத் தெளிவு 1967 செப்டம்பர்லயே எழுத்துல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்காம இருக்க முடியலை.

1969 ஏப்ரல்ல மாநிலம் பரவலாக்கச் சட்டம் கொண்டுவந்தது. நகரம் முழுக்க முப்பதுக்கும் மேல மாவட்டங்கள், ஒவ்வொண்ணுக்கும் தேர்தல் மூலம் ஒரு உள்ளூர் வாரியம். குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம். பெற்றோருக்கு வெற்றி மாதிரித்தானே இருக்கு? ஆனா ஒரு மாவட்டத்துல குறைஞ்சது 20,000 மாணவர்கள் இருக்கணும்னு ஒரு விதி. ஓஷன் ஹில்லில் அதுல பாதிகூடக் கிடையாது. அந்தச் சின்ன மாவட்டத்தை ஒரு பெரிய மாவட்டத்தோட இணைச்சாங்க. எங்க இருந்து இது தொடங்குச்சோ, அந்த இடமே வரைபடத்துல இல்லாமப் போச்சு.

1970-ல முதல் தேர்தல். சுமார் 15 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டாங்க. ஆள் திரட்டத் தெரிஞ்ச அமைப்புகளுக்கு, சங்கமும் அதுல சேர்த்தி, இது வசதியா போச்சு. பின்னாடி சில உள்ளூர் வாரியங்கள்ல ஊழல், வேலைக்குச் சிபாரிசுன்னு புகார்களும் வந்தது. 2002-ல மாநிலம் பள்ளிகளை மேயர் கையில கொடுத்து, அந்த வாரியங்களைக் கலைச்சது. இப்போ அங்க பெற்றோர் கல்விக் கவுன்சில்கள் இருக்கு, பெரும்பாலும் ஆலோசனை சொல்ல. புது ஹெட்மாஸ்டர் வர்றப்போ பெற்றோரும் இருக்கிற குழு விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்யும். கடைசி முடிவு கண்காணிப்பாளர் கையில.

அந்தப் பரீட்சை? அதுவும் தப்பிக்கலை. 1971-ல ஒரு ஃபெடரல் நீதிபதி, மேற்பார்வைப் பதவிகளுக்கான அந்தத் தேர்வுகள் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ விண்ணப்பதாரர்களைப் பாரபட்சமா வடிகட்டுதுன்னும், அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையான திறமையை அது அளக்குதுன்னு வாரியத்தால காட்ட முடியலைன்னும் சொல்லி அதை நிறுத்தினார். அடுத்த வருஷங்கள்ல நியூயார்க் ஹெட்மாஸ்டர்கள் பட்டியல் மாறத் தொடங்குச்சு. அதாவது ஐ.எஸ். 201 வாசல்ல நின்ன பெற்றோர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

நாம எடுத்துக்க என்ன இருக்கு?

பெற்றோருக்குப் பள்ளியில என்ன பங்குன்னு எங்க பேச்சு வந்தாலும் உடனே ரெண்டு அணி ஆயிடும். "பிள்ளை எங்களுது, நாங்கதான் முடிவு பண்ணணும்"னு ஒரு அணி. "படிப்பு விஷயம் தெரிஞ்சவங்க பார்த்துக்கட்டும்"னு இன்னொரு அணி. 1968 காட்டுறது, இந்த ரெண்டு அணியும் தங்களுக்குள்ள அடிச்சுக்கிறப்போ மூணாவதா ஒருத்தர் தப்பிச்சுக்கிறார்ங்கிறதை. லிவிங்ஸ்டன் தெரு பெற்றோர்கிட்ட பொறுப்பைக் கொடுத்தது, அதிகாரத்தை எழுதித் தரலை. ஆசிரியர்கிட்ட பாதுகாப்பு உண்டுன்னு சொன்னது, அதைக் காப்பாத்துற வேலையை அவங்க சங்கத்துக்கிட்டயே விட்டது. நடுவுல தெளிவா இருக்க வேண்டிய காகிதம் வெள்ளையா கிடந்தது. அதை நிரப்பினது பயமும் கோபமும்.

அந்த அம்மாக்கள் கேட்டதுல முக்கால்வாசி அப்புறம் நீதிமன்றங்களே சரின்னு சொன்ன விஷயங்கள். அந்த ஆசிரியர்கள் கேட்டதையும், அதாவது குற்றச்சாட்டைச் சொல்லு, விசாரிச்சுட்டு அனுப்புங்கிறதையும், நாம யாரும் நம்ம வேலையில விட்டுக்கொடுக்க மாட்டோம். ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திங்கட்கிழமை காலையில லாகின் வேலை செய்யலைன்னா வயித்துல என்ன பண்ணும்னு தெரியும். ரெண்டு நியாயமும் ஒரே பள்ளிக்குள்ள இருந்திருக்க முடியும். யார் நியமிக்கலாம், யார் நீக்கலாம், எந்த முறையில, யார்கிட்ட அப்பீல்ங்கிற நாலு வரி எழுதியிருந்தா போதும்.

அதனால உங்க பிள்ளையின் பள்ளியிலயோ, அக்கா பிள்ளையின் பள்ளியிலயோ, ஒரு பெற்றோர் குழுவுல சேரச் சொல்லிக் கூப்பிட்டா, போங்க. போனதும் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் குழு எதை முடிவு பண்ணலாம், எதுக்கு வெறும் ஆலோசனை மட்டும் சொல்லலாம்? பதிலை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க. டீ, பிஸ்கட் வர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அந்த 36 நாளும் வீட்டுல உட்கார்ந்திருந்த பிள்ளைங்களுக்கு இப்போ அறுபது வயசைத் தாண்டியிருக்கும். அவங்கள்ல யாரையும் யாரும் அன்னிக்கு எதுவும் கேட்கலை.

எபிசோட் பத்தி என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.